‘எந்த கன் வாங்கலாம்?’ என்று கேட்பவர்களுக்கு

பக்கத்துத் தெருவில் ஒரு வீட்டில் திருட்டுப் போனால் போதும், அன்று இரவே எங்கள் குடியிருப்பின் தமிழ் வாட்ஸ்அப் குழுவிலிருந்து யாராவது எனக்குத் தனியாகச் செய்தி அனுப்புவார்கள். “அண்ணா, உங்ககிட்ட கன் இருக்காமே, எது வாங்கலாம்?” அமெரிக்காவில், டெக்சாஸின் டாலஸுக்கு வடக்கே குடியிருக்கிறேன். பதினோரு வருடமாக ஒரே ஒரு கைத்துப்பாக்கி வைத்திருக்கிறேன். ரேஞ்சுக்கு, அதாவது சுட்டுப் பழகும் கூடத்துக்கு, வெளியே அதை ஒருமுறைகூடச் சுட்டதில்லை. ஒவ்வொருவருக்கும் தனித்தனியாகப் பதில் சொல்லிச் சலித்துவிட்டது, அதனால் எழுதி வைக்கிறேன்.

பயம் பொய்யில்லை. 2011 முதல் 2014 வரை ஒரு கும்பல் மிச்சிகன், டெக்சாஸ் உட்படப் பல மாநிலங்களில் இந்திய, ஆசியக் குடும்பங்களின் வீடுகளாகப் பார்த்துப் புகுந்து கொள்ளையடித்தது. தலைமை தாங்கிய பெண்ணுக்கு 2019-இல் 37 வருடச் சிறைத்தண்டனை கிடைத்தது. நம் வீடுகளில் தங்கம் இருக்கும் என்பது அவர்களுக்கும் தெரிந்திருக்கிறது. ஆகவே என்னுடைய முதல் பதில் எப்போதும் ஒன்றுதான்: கல்யாண நகையை லாக்கர் தரும் வங்கி ஏதாவதொன்றில் வையுங்கள். நல்ல கைத்துப்பாக்கி ஒன்று 500, 600 டாலர் ஆகும். லாக்கருக்கு வருடத்துக்கு அவ்வளவு ஆகாது. பின்பக்கக் கண்ணாடிக் கதவுக்கு நல்ல பூட்டுப் போடுங்கள். அதற்குப் பிறகும் வேண்டும் என்று தோன்றினால் மேலே படியுங்கள்.

விசாவைப் பாருங்கள்

எச்-1பி, எச்-4, எல்-1, எஃப்-1 போன்ற தற்காலிக விசாவில் (வேலை, குடும்பம், படிப்பு) வந்திருக்கிறவர் கையில் துப்பாக்கியோ தோட்டாவோ இருப்பதே கூட்டரசுச் (ஃபெடரல்) சட்டப்படி குற்றம். கடையில் வாங்கினால்தான் என்றில்லை. “வாடகைத் துப்பாக்கிதானே, ரேஞ்சில் அரை மணி நேரம்தானே” என்பதும் இதில் அடக்கம். வார இறுதியில் கூட்டமாக ரேஞ்சுக்குப் போய்ப் படம் எடுத்துப் போடும் பையன்கள் பலருக்கு இது தெரிவதில்லை, தங்கள் குற்றத்துக்குத் தாங்களே சாட்சியம் தயாரிக்கிறார்கள்.

சட்டத்தில் சில விலக்குகள் உண்டு. சாதாரண ஆளுக்குப் பொருந்தக்கூடியது ஒன்றுதான்: அமெரிக்காவில் முறையாகப் பெற்ற, காலாவதியாகாத வேட்டை உரிமம். எனக்குத் தெரிந்த ஒருவர் முட்டைகூடச் சாப்பிடாதவர், ரேஞ்சுக்குப் போவதற்காகவே வருடா வருடம் வேட்டை உரிமத்தைப் புதுப்பிக்கிறார். ஆனாலும் விசாவில் இருப்பவர்களுக்கு நான் சொல்வது, பொறுங்கள் என்பதே. கிரீன் கார்டுக்கு விண்ணப்பித்துக் காத்திருப்பது வேறு, கார்டு கைக்கு வந்திருப்பது வேறு.

கிரீன் கார்டு வந்துவிட்டால் வாங்கலாம். ஆனால் துப்பாக்கிச் சட்டத்தின் கீழ் ஒரு தண்டனை விழுந்தால் நாடு கடத்த அதுவே காரணமாகலாம் என்பதை மறக்காதீர்கள். கணவருக்குக் கிரீன் கார்டு, ஊரிலிருந்து வந்து தங்கியிருக்கும் தம்பிக்கு மாணவர் விசா என்று இருக்கும் வீட்டில் துப்பாக்கி வைக்கும் சேஃபின் எண் தம்பிக்குத் தெரியக் கூடாது. எடுக்க வழி இருந்தாலே ‘வைத்திருந்ததாக’ வாதாட இடமுண்டு. கஞ்சா விஷயமும் அப்படித்தான். உங்கள் மாநிலம் அனுமதித்திருக்கலாம், கூட்டரசு அனுமதிக்கவில்லை. கடையில் நிரப்பும் படிவம் இதை நேராகவே கேட்கிறது, அதில் பொய் சொல்வது தனிக் குற்றம். குடும்ப வன்முறை வழக்கில் தண்டனை பெற்றவருக்கு, வழக்கு சிறியதாக இருந்தாலும், 1996 முதல் துப்பாக்கி கிடையாது.

வீட்டில் யார் யார் இருக்கிறார்கள்?

எல்லாரும் மாடலைப் பற்றிப் பேசத்தான் வருகிறார்கள். நான் பேச விரும்புவது இதைத்தான்.

2021-இல் அமெரிக்காவில் துப்பாக்கியால் இறந்தவர்கள் 48,830 பேர். அதில் 26,328 பேர் தற்கொலை செய்துகொண்டவர்கள். பாதிக்கு மேல். வெளியிலிருந்து வரும் திருடனுக்காக வாங்கிய பொருள் வீட்டுக்குள் இருப்பவர் மேலேயே திரும்புகிற கணக்கு இது. மற்ற பல வழிகளில் முயன்றவர்களைக் காப்பாற்ற நேரம் இருக்கிறது, மனம் மாறவும் நேரம் இருக்கிறது. துப்பாக்கி அந்த நேரத்தைத் தருவதில்லை. வேலை போய் விசா கெடு ஓடிக்கொண்டிருக்கும் தகப்பன், பரீட்சையில் சறுக்கிய பதினாறு வயதுப் பையன், பிரசவத்துக்குப் பிறகு தூக்கமில்லாமல் அழுதுகொண்டிருக்கும் பெண்... இப்படி யாராவது உங்கள் வீட்டில் இப்போது இருந்தால் வாங்காதீர்கள். ஏற்கெனவே இருந்தால் நம்பகமான நண்பரிடமோ, பாதுகாத்துத் தரும் துப்பாக்கிக் கடையிலோ கொஞ்ச நாள் கொடுத்து வையுங்கள். மாநிலத்துக்கு மாநிலம் விதி மாறும் என்பதால் கொடுக்கும் முன் கேட்டுக்கொள்ளுங்கள். தற்கொலை எண்ணம் வந்தால் உதவும் 988 என்ற எண்ணை எந்த நேரமும் அழைக்கலாம், குறுஞ்செய்தியும் அனுப்பலாம்.

குழந்தைகள் இருந்தால் அலமாரியின் மேல்தட்டு, சேலை மடிப்பு, அரிசி டப்பா என்று எந்த இடமும் செல்லாது. தீபாவளிக்கு ஒளித்துவைத்த ரோல் கேப் துப்பாக்கியை நாம் எத்தனை நிமிடத்தில் கண்டுபிடித்தோம் என்று யோசித்துப் பாருங்கள். டெக்சாஸில் குண்டு நிரப்பிய துப்பாக்கியை எட்டும்படி அலட்சியமாக விட்டுவைத்து, அது 17 வயதுக்குக் கீழ்ப்பட்ட பிள்ளை கைக்குக் கிடைத்துவிட்டால் குற்றம் உங்களுடையது.

ஆகவே துப்பாக்கி வாங்கும் முன் சேஃப் வாங்க வேண்டும். வீட்டுக் கைத்துப்பாக்கி சம்பந்தமான எல்லா முடிவுகளும் ஒரே கேள்வியில் வந்து நிற்கின்றன: இதை யார் எத்தனை நொடியில் எடுக்க முடியும்? உங்களுக்கு ஐந்து நொடி, மற்ற எல்லாருக்கும் முடியவே முடியாது, அதுதான் இலக்கு. கட்டிலருகே போல்ட் போட்டு இறுக்கிய, பொத்தான் வரிசை அழுத்தித் திறக்கும் சிறிய எஃகுப் பெட்டி என் தேர்வு. கைரேகைப் பெட்டி வேண்டாம். ஈரக்கையிலும் வியர்வையிலும் அது முரண்டு பிடித்ததை நானே பார்த்தேன், திருப்பிக் கொடுத்துவிட்டேன். போல்ட் போடாத பெட்டியைத் திருடன் பெட்டியோடு தூக்கிக்கொண்டு போவான். இருட்டில், கண்ணை மூடிக்கொண்டு, எண்களை அழுத்திப் பழகுங்கள். என் மனைவி இதை நேரம் வைத்துப் பார்த்தாள். முதல் முறை எனக்கு நாற்பது நொடி ஆனது, அவள் சிரித்தது இன்னும் காதில் இருக்கிறது.

ரேஞ்சுக்குப் போங்கள்

வாங்குவதற்கு முன் குறைந்தது ஐந்தாறு தடவை. முதல் தடவை தனியாகப் போகாதீர்கள், புதியவர்களுக்கான வகுப்பில் சேருங்கள். சொந்தத் துப்பாக்கி இல்லாமல் தனியாக வரும் புது ஆளுக்குப் பல ரேஞ்சுகள் வாடகைக்குத் தருவதில்லை. காரணம், மேலே எழுதிய தற்கொலைக் கணக்கு. கவுண்டரில் இருப்பவர் அதை வாய்விட்டுச் சொல்ல மாட்டார்.

உள்ளே நுழைந்ததும் சத்தம் நெஞ்சில் இடிக்கும். சினிமா சத்தம் வேறு, இது வேறு. மூடிய கூடத்தில் காதடைப்பான் ஒன்றின் மேல் இன்னொன்றாக இரண்டு போடுங்கள், நுரைத்தக்கை உள்ளே, கவசம் வெளியே. கண்ணாடி கட்டாயம். வட்டக் கழுத்துச் சட்டை போட்டுக்கொண்டு போங்கள், சுட்ட தோட்டாவின் காலி உறை கொதிக்கக் கொதிக்கத் தெறித்து வந்து திறந்த காலருக்குள் விழும். விழுந்தால் குதிக்காதீர்கள், கையில் இருப்பது துப்பாக்கி. முடிந்ததும் சோப்புப் போட்டுக் குளிர்ந்த நீரில் கைகழுவுங்கள். ஈயத்தூள் படிந்திருக்கும், அந்தக் கையோடு முறுக்கைத் தொட வேண்டாம்.

எல்லா ரேஞ்சுச் சுவரிலும் நான்கு விதிகள் ஏதாவதொரு வடிவத்தில் ஒட்டியிருக்கும். ஜெஃப் கூப்பர் என்ற பயிற்சியாளர் பரப்பியவை. எந்தத் துப்பாக்கியிலும் குண்டு இருக்கிறது என்றே நினை. அழியக் கூடாத எதன் பக்கமும் குழலைத் திருப்பாதே. குறி வைத்து முடிக்கும்வரை விரலை விசைமேல் வைக்காதே. எதைச் சுடுகிறாய், அதற்குப் பின்னால் என்ன இருக்கிறது என்று தெரிந்துகொள். இவற்றில் ஒன்றை மீறினாலும் மற்றவை காப்பாற்றும். இரண்டைச் சேர்த்து மீறும்போதுதான் ஆள் சாகிறான்.

புதியவர் செய்யும் பெரிய தவறு மேகசினில், அதாவது பிடிக்குள் செருகும் தோட்டாப் பெட்டியில், இருக்கிறது. மேகசினை உருவியதும் துப்பாக்கி காலி என்று நினைப்பார்கள். குழலின் பின்முனையில், சேம்பரில், ஒரு தோட்டா உட்கார்ந்திருக்கும். மேகசினை உருவி, மேலே முன்னும் பின்னும் நகரும் உலோகப் பாகமான ஸ்லைடைப் பின்னால் இழுத்து நிறுத்தி, கண்ணால் பார்த்து, சுண்டுவிரலை விட்டுத் தடவியும் பார்க்க வேண்டும். வரிசையும் முக்கியம். மேகசினை உருவாமல் முதலில் ஸ்லைடை இழுத்தால் ஒன்றை வெளியே தள்ளிவிட்டு இன்னொன்றை உள்ளே ஏற்றிக்கொள்ளும்.

துப்பாக்கியைப் பிடிக்கும்போது இரண்டு கட்டைவிரலும் ஒரே பக்கமாக, முன்னோக்கி இருக்கட்டும். ஸ்லைடுக்குப் பின்னால் கட்டைவிரலைக் குறுக்கே வைத்தால் அது தோலைக் கிழித்துக்கொண்டு பின்னால் வரும். என் இடது கையில் தழும்பு இருக்கிறது.

எந்தத் துப்பாக்கி

ஒருவழியாக வந்துவிட்டோம். இந்தப் பகுதிதான் எளிது.

ரிவால்வர், பிஸ்டல் என்று இரண்டு வகை. உருளையில் ஐந்தோ ஆறோ குண்டு போட்டுச் சுடுவது ரிவால்வர். பிஸ்டல் மேகசினிலிருந்து தானாக ஏற்றிக்கொள்ளும். “ரிவால்வர் எளிது, பெண்களுக்கு அதுதான் சரி” என்று கவுண்டரில் சொல்வார்கள். பாதி உண்மை. அதில் சிக்கிக்கொள்வதற்கு அதிகம் எதுவும் இல்லை, ஸ்லைடு இழுக்கும் வேலையும் இல்லை. ஆனால் கைப்பைக்கென்று செய்த சின்ன, லேசான .38 ரிவால்வரைச் சுட்டுப் பாருங்கள். விசை கனமாக இருக்கும், எடை குறைவு என்பதால் உதை முழுவதும் மணிக்கட்டில் இறங்கும். பத்துக் குண்டு சுட்டதும் போதும் என்று வைத்துவிடுவீர்கள். பழகாத துப்பாக்கியை வீட்டில் வைத்து என்ன பயன்? மனைவிக்குப் பரிசாக இதை வாங்கிவந்த கணவர்கள் சிலரைத் தெரியும். மனைவியைக் கேட்டிருக்கலாம்.

வீட்டுக்கு என்றால் நடுத்தர அளவு 9 மி.மீ. பிஸ்டல் பெரும்பாலானவருக்குப் பொருந்தும் (9 மி.மீ. என்பது குண்டின் விட்டம்). கிளாக் 19 என்ற மாடலில் 15 குண்டு பிடிக்கும், கலிஃபோர்னியா, நியூ ஜெர்சி போன்ற இடங்களில் பத்துக்கு மேல் பிடிக்கும் மேகசினுக்கு அனுமதி கிடையாது. ஸ்மித் அண்ட் வெஸ்ஸன், சிக் சாவர் ஆகிய கம்பெனிகளின் பிஸ்டல்களும் நம்பத்தக்கவை. ஸ்லைடை இழுக்கக் கையில் வலு இல்லாதவர் ஸ்மித் அண்ட் வெஸ்ஸனின் ஷீல்டு ஈசீ வகையை முயன்று பார்க்கலாம், அந்தச் சிரமத்தைக் குறைக்கவென்றே செய்தது. கிளாக்கில் கையால் போடும் பாதுகாப்பு நெம்புகோல் கிடையாது, விசையை முழுக்க அழுத்தினால் சுடும். இன்னொன்று, அதைச் சுத்தம் செய்யக் கழற்றும் முன் விசையை ஒருமுறை அழுத்தியாக வேண்டும். சேம்பரைப் பார்க்காமல் அழுத்திச் சுவரில் ஓட்டை போட்டவர்கள் உண்டு.

பெரிய குண்டு வேண்டுமா என்ற சண்டை ஓயாது. 1986-இல் மயாமியில் நடந்த துப்பாக்கிச் சண்டையில் இரண்டு எஃப்.பி.ஐ. அதிகாரிகள் இறந்ததும் அந்தத் துறை பெரிய குண்டுகளுக்கு மாறியது. முப்பது வருடம் ஆவதற்குள் 9 மி.மீ.க்கே திரும்பிவிட்டது. தோட்டாவின் தரம் உயர்ந்திருந்தது, உதை குறைந்தால் ஆட்கள் நன்றாகக் குறி பார்த்துச் சுடுகிறார்கள் என்பதும் தெரிந்திருந்தது. நம் ஊரில் 9 மி.மீ. தனியாருக்குத் தடைசெய்யப்பட்ட அளவு. லைசென்ஸ் வைத்திருக்கும் மிராசுதார் பேரன் ஒருவரிடம் சொன்னபோது நம்பவே இல்லை.

பழகுவதற்கு முழு உலோக உறை போட்ட தோட்டா, மலிவு. வீட்டில் வைக்க ஹாலோ பாயின்ட், அதாவது மூக்கு குழிந்தது. ஊரில் செங்கல் சுவருக்குள் வளர்ந்த நமக்கு ஒன்று எளிதில் உறைக்காது: இங்கே உள்சுவர் ஜிப்சம் அட்டையும் மரச்சட்டமும்தான். உலோக உறைத் தோட்டா பிள்ளைகள் அறையைத் தாண்டிப் பக்கத்து வீடுவரை போகக்கூடும். ஹாலோ பாயின்டும் சுவரைத் துளைக்கத்தான் செய்யும், ஆளைத் தாக்கினால் உடலைத் தாண்டி வெளியே போகும் வாய்ப்பு குறைவு, அவ்வளவே. ஆகவே படுக்கையறையிலிருந்து எந்தப் பக்கம் சுடக் கூடாது என்று பகலிலேயே நின்று பார்த்துக்கொள்ளுங்கள். எங்கள் வீட்டில் மூன்று பக்கம் கூடாது.

கடையில்

உரிமம் பெற்ற கடையில் கைத்துப்பாக்கி வாங்க 21 வயது ஆக வேண்டும், நீங்கள் குடியிருக்கும் மாநிலத்திலேயே வாங்க வேண்டும். 4473 என்ற படிவத்தை நிரப்பியதும் எஃப்.பி.ஐ. 1998 முதல் நடத்தும் பின்னணிச் சோதனைக்குப் பெயர் போகும். பெரும்பாலும் சில நிமிடத்தில் பதில் வரும். தாமதம் என்று வந்தால் மூன்று வேலைநாள் வரை காத்திருக்க வேண்டிவரலாம்.

தாமதத்துக்கு நம் பெயரும் ஒரு காரணம். பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் கடைசிப் பெயர், ஓட்டுநர் உரிமத்தில் அது நடுப்பெயர், கிரீன் கார்டில் முதல் பெயரே இல்லை என்ற கதைதான். கடைக்குப் போகும் முன் ஓட்டுநர் உரிமத்தையும் கிரீன் கார்டையும் அருகருகே வைத்துப் பாருங்கள். முகவரியும் இப்போது குடியிருக்கும் முகவரியாக இருக்க வேண்டும். வீடு மாறி உரிமத்தை மாற்றாத எத்தனையோ பேரைத் திருப்பி அனுப்பியிருக்கிறார்கள். ஒவ்வொரு முறையும் தாமதமானால் எஃப்.பி.ஐ.க்கு விண்ணப்பித்துத் தனி அடையாள எண் வாங்கிக்கொள்ளலாம்.

நண்பருக்காக உங்கள் பெயரில் வாங்கிக் கொடுக்காதீர்கள். மாமாவிடம் பணம் வாங்கி அவருக்காகத் துப்பாக்கி வாங்கிய ஒருவரின் வழக்கு உச்சநீதிமன்றம்வரை போனது. அந்த மாமாவும் துப்பாக்கி வைத்திருக்கத் தகுதியானவர்தான். அப்படியிருந்தும் படிவத்தில் பொய் சொன்னது குற்றமே என்று 2014-இல் தீர்ப்பு வந்தது.

மாநிலத்துக்கு மாநிலம் பெரிய வித்தியாசம். கலிஃபோர்னியாவில் பத்து நாள் காத்திருப்பும் ஒரு தேர்வும். இல்லினாயில் முதலில் உரிமையாளர் அட்டை. நியூ ஜெர்சியில் ஒவ்வொரு கைத்துப்பாக்கிக்கும் தனி அனுமதி. டெக்சாஸில் 2021 செப்டம்பர் முதல் தகுதியுள்ளவர் உரிமமின்றியே இடுப்பில் செருகிக்கொண்டு நடக்கலாம். நடக்கலாம் என்பதால் நடக்க வேண்டும் என்றில்லை. நான் நடப்பதில்லை.

இரவில் சத்தம் கேட்டால்

எழுந்து போய்த் தேடாதீர்கள். குடும்பத்தை ஒரே அறையில் சேர்த்துக் கதவைப் பூட்டி அவசர எண் 911-ஐ அழையுங்கள். துப்பாக்கி அந்தக் கதவுக்கு இந்தப் பக்கம் இருப்பதற்குத்தான். 1992 அக்டோபரில் லூசியானாவில் 16 வயது ஜப்பானிய மாணவன் ஹாலோவீன் விருந்துக்குப் போகும்போது வீடு மாறிப் போனான். வீட்டுக்காரர் துப்பாக்கியோடு “ஃப்ரீஸ்” என்றார், பையனுக்கு அந்தச் சொல் விளங்கவில்லை என்றே கருதப்படுகிறது. சுட்டவர் குற்றவியல் வழக்கில் விடுதலையானார், பிறகு சிவில் வழக்கில் தோற்றார். 2023 ஏப்ரலில் கன்சாஸ் சிட்டியில் தம்பிகளை அழைத்துவரப் போன இன்னொரு 16 வயதுப் பையன் தவறான வீட்டு மணியை அழுத்திச் சுடப்பட்டான், பிழைத்துக்கொண்டான். இரண்டு கதையிலும் நாம் எந்தப் பக்கமும் இருக்கலாம். கொலுவுக்கு வீடு தேடி அலையும் நம் ஆட்கள் எத்தனை முறை கதவு மாறித் தட்டியிருக்கிறோம்!

ஆகவே ஒரு கைவிளக்கு வாங்கிப் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். துப்பாக்கியில் பொருத்திய விளக்கு வேண்டாம், அதைக் காட்டிப் பார்ப்பது துப்பாக்கியைக் காட்டிப் பார்ப்பதுதான்.

மச்சானோடு சண்டை

நியூ ஜெர்சியின் எடிசனில் இருக்கும் என் மச்சான் இதற்கெல்லாம் எதிரி. ஒவ்வொரு தேங்க்ஸ்கிவிங்கிலும் ஆரம்பித்துவிடுவார். “ஊர்ல எலக்ஷன் வந்தா லைசென்ஸ் துப்பாக்கியையே ஸ்டேஷன்ல ஒப்படைக்கிறோம் மாப்ள, இங்க கறிகாய் மாதிரி விக்கிறாங்க.”

அவர் கையிலிருப்பது ஸ்டான்ஃபோர்டு ஆய்வாளர்கள் 2020-இல் வெளியிட்ட கணக்கு. கலிஃபோர்னியாவில் கைத்துப்பாக்கி வைத்திருந்த ஆண்கள் துப்பாக்கியால் தற்கொலை செய்துகொண்டது, வைத்திராத ஆண்களைப்போல எட்டு மடங்கு. பெண்களிடம் முப்பத்தைந்து மடங்கு. நான் 1990-களில் கேரி கிளெக் என்ற குற்றவியலாளர் சொன்ன எண்ணை எடுப்பேன்: தற்காப்புக்குத் துப்பாக்கி பயன்பட்டது வருடத்துக்குச் சுமார் 25 லட்சம் முறை. மச்சான் உடனே அரசின் குற்றப் பாதிப்பு ஆய்வைக் காட்டுவார், அதன்படி ஒரு லட்சத்தை ஒட்டியோ அதற்குக் கீழேயோதான். இத்தனை பெரிய இடைவெளி ஏன் என்று ஆராயவும் நெடுநாள் பணம் இல்லை. 1996-இல் அமெரிக்க நாடாளுமன்றமான காங்கிரஸ் போட்ட ஒரு நிபந்தனையால் அரசுப் பணத்தில் நடக்கும் துப்பாக்கி ஆய்வு ஏறக்குறைய நின்றுபோனது. 2020 பட்ஜெட்டில்தான் 25 மில்லியன் டாலர் ஒதுக்கினார்கள்.

உரிமை என்ற பேச்சில் அமெரிக்க உச்சநீதிமன்றம் என் பக்கம். தற்காப்புக்காக வீட்டில் வைத்திருப்பது தனிமனித உரிமை என்று 2008-இல் ஹெல்லர் வழக்கில் 5-க்கு 4 என்று தீர்ப்பு வந்தது, 2022-இல் வெளியே எடுத்துச் செல்வதற்கும் அது நீண்டது. ஆனால் குடும்ப வன்முறைக்காக யார் மேல் நீதிமன்றத் தடை உத்தரவு இருக்கிறதோ அவரிடமிருந்து துப்பாக்கியைப் பறிக்கலாம் என்று 2024-இல் ஒன்பது நீதிபதிகளில் எட்டுப் பேர் சொன்னார்கள். அதில் மச்சானும் நானும் ஒரே கட்சி.

போன வருடம் அவர் வேறு ஒன்று கேட்டார். “உன் பையன் காலேஜ்ல இருந்து லீவுக்கு வரும்போது அந்தப் பெட்டி நம்பரை மாத்துறியா?” அதுவரை மாற்றியதில்லை. இப்போது மாற்றுகிறேன். வாதத்தில் அவர் ஜெயித்ததாக ஒப்புக்கொள்ளவில்லை.

ஊருக்குப் போகும்போது

ரேஞ்சுக்கு எடுத்துப்போகும் பையை வேறு எதற்கும் பயன்படுத்தாதீர்கள். லேப்டாப் பையில் இரண்டு தோட்டா பெட்டியைப் போட்டுக்கொண்டு போய் வருவதும், ஒன்று உருண்டு மூலையில் தங்குவதும், ஆறு மாதம் கழித்து அதே பையோடு விமானம் ஏறுவதும் நடக்கிற கதை. புறப்படும் ஊரில் தப்பிவிடும். திரும்பி வரும்போது சென்னையில் எக்ஸ்ரே பார்ப்பவர் நிறுத்துவார். ஒற்றைத் தோட்டா போதும், 1959-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தில் வழக்கு, பாஸ்போர்ட் போலீஸ் கையில், கிரீன் கார்டு வைத்திருப்பவர் திரும்பிப் போக வேண்டிய நாள் தள்ளிக்கொண்டே போகும். தெரியாமல் இருந்தது என்று நிரூபித்து வெளியே வரலாம், அதற்கு வக்கீலும் மாதங்களும் வேண்டும். எனக்குச் சிவப்பு நிறத்தில் ஒரு ரேஞ்ச் பை இருக்கிறது. வீட்டில் வேறு சிவப்புப் பை கிடையாது.